மீட்டர் ஏற மறுத்த காலை

மீட்டர்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஆட்டோ மீட்டர் அல்ல, மின்சார மீட்டரும் அல்ல. காற்றில் எவ்வளவு வண்டிப் புகை கலந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும், உள்ளங்கையில் அடங்கும் கருவி. அது கைக்கு வந்த நாள்முதல் யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்குமுன் ஜன்னலோரம் போய் அளப்பார், சிக்னலில் கையை வெளியே நீட்டி அளப்பார், துக்கம் கேட்கப் போன இடத்திலும் ஓரக்கண்ணால் அளப்பார். எண் குறைந்தால் முகம் சுருங்கிவிடும். நூறைத் தாண்டினால்? பரிசு விழுந்தவர்போல் மலர்ந்துவிடுவார்.

நமக்குத் தெரிந்த ஒரு மீட்டர்காரரின் வீட்டு வாசலிலேயே பேருந்து நிறுத்தம். விடுவாரா? தினமும் அலுவலகம் கிளம்புமுன் தன் பழைய டீசல் காரை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, உள்ளே குளிரட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு, காரின் பின்னால் நின்று மீட்டரைத் தூக்கிப் பிடிப்பார்.

"நூத்தி அறுபது! எல்லாம் இந்த பஸ்ஸால!"

பஸ் இன்னும் வந்திருக்காது. அதனால் என்ன? நிறுத்தத்தைப் பெரிய சாலைக்கு மாற்றச் சொல்லி மனுமேல் மனு போட்டு, கடைசியில் நகராட்சி இன்ஜினியரையே அளந்து பார்க்க வரவழைத்துவிட்டார்.

மனைவிக்குத்தான் கவலை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவரின் அலுவலகமோ எதிர்த்திசை. நாளெல்லாம் நின்ற கால்களுக்கு, வாசலிலேயே இறக்கிவிடும் அந்தப் பேருந்துதான் ஒரே சுகம்.

"இதை விட்டுடுங்களேன்."

"உன் நுரையீரலுக்காகத்தாம்மா பாடுபடுறேன்."

"என் முட்டிக்காக யாருங்க பாடுபடுறது?"

மீட்டரில் அதற்கு எண் இல்லை.

இன்ஜினியர் வந்த அன்று பார்த்து கார் மெக்கானிக்கிடம் போயிருந்தது. மீட்டர்காரர் கார் இல்லாமல் தனியாளாக வந்து மீட்டரைத் தூக்கினார். நாற்பது. உதறினார், தட்டினார், துடைத்தார். நாற்பதேதான். பேருந்து வந்தது, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. எண் லேசாக எழும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"கொஞ்சம் இருங்க சார், ஏறும். தினமும் ஏறுமே!" குரல் கெஞ்சியது.

"தினமும் எங்க நின்னு அளப்பீங்க?"

பக்கத்தில் நின்றிருந்த மனைவி முந்திக்கொண்டாள்: "கார் பின்னாடி சார். இன்ஜின் ஓடிட்டே இருக்கும்."

இன்ஜினியர் இருமுவதுபோல் சிரித்துவிட்டு, "ஸ்டாப் இங்கேயே இருக்கட்டும்" என்றார். மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த பேருந்தில் ஜன்னலோரம் இடம்பிடித்து, கணவருக்குக் கையசைத்தாள்.

மீட்டர்காரர் திருந்தினாரா? ஓ, நன்றாக! கார் திரும்பி வந்தது; இன்ஜின் வழக்கம்போல் ஓடுகிறது; அவர் இப்போது காரின் முன்னால் நின்று அளக்கிறார். "பாத்தியா, எப்படிக் குறைஞ்சிருக்கு! எல்லாம் நான் போட்ட மனுவால" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆமாம், இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? பள்ளி வாசலில், பிள்ளைக்காகக் காத்திருக்கும் காரிலா? 'சே, ஊரெல்லாம் புகை' என்று கண்ணாடியை ஏற்றியாகிவிட்டதா? அந்த இன்ஜினைக் கொஞ்சம் அணைத்துவிட்டு மேற்கொண்டு சிரியுங்கள்.