படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன்

என் முட்டிவலியை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவன்தான் நம்பியது. என் செல்போன்.

டாக்டர் நம்பவில்லை. எஸ்டேட் மேனேஜர் நம்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தும் தபித்தாள் நம்பவே இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அடுப்படி வாசலில் நின்று, "முட்டி கழண்டு விழுந்துரும் போல இருக்குது, தபித்தா" என்று ஒரு முனகல் முனகினேன். ஐந்தே நிமிடம். போனைத் திறந்தால் முட்டிவலித் தைலம். அதற்குக் கீழே முட்டி உறை. அதற்கும் கீழே ஓர் அம்மாள் முட்டி உறை மாட்டிக்கொண்டு படியேறியபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒருத்தராவது இருக்கிறார்களே! அப்புறம்தான் யோசித்தேன். நான் போனில் எதையும் தேடவில்லை. வாயால்தான் சொன்னேன். மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த போன் ஒட்டுக்கேட்டிருக்கிறது.

"நான் என்ற போன்ல தைலம் வெலை பாத்தனுங்க. அதனால வந்துருக்குமோ என்னமோ" என்றாள் தபித்தாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்ன நாளெல்லாம் எனக்குக் கெட்ட நாளாகவே முடிந்திருக்கிறது. இருந்தும் விட முடிவதில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன? எனக்கு முட்டிவலி கிடையாது. எனக்கு இருப்பது தொப்பை. அதுதான் வினை.

எங்கள் சபையில் டிசம்பர் பிறந்தால் ஏழு நாள் கேரல் ரவுண்ட்ஸ். குன்னூருக்கு அந்தப்பக்கம், தேயிலைச் சரிவில் ஏறி இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு லைன் வீடாகப் போய்ப் பாடுவார்கள். முன்னால் கிறிஸ்மஸ் தாத்தா ஆட வேண்டும். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, ரப்பர் முகமூடி. வழக்கமாக ஆடுகிறவர் போன வருடம் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். அன்றிலிருந்து சபை முழுவதும் என் வயிற்றையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையணை செலவு மிச்சம் பாருங்கள்.

நான் ஃபேக்டரி ஆபீஸில் ஹெட் கிளார்க். காலை ஆறரைக்கு மஸ்டரில் ஆட்கள் பேரைக் கூப்பிடுகிறவன். "ஏன் லேட்டு?" என்று நான் முறைத்தால் எண்பது பேர் தலை குனிவார்கள். அதே எண்பது பேர் வாசலில் சாயங்காலம் நான் இடுப்பை ஆட்டினால், மறுநாள் மஸ்டரில் யார் தலை குனிவது? அதை நினைத்தாலே எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. அதற்காகத்தான் முட்டிவலி. வீட்டிலிருந்து வளைவு வரைக்கும் நொண்டுவேன். வளைவு திரும்பியதும் ஜம்மென்று பேக்கரிக்கு நடந்து நாலு வர்க்கி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து மறுபடி நொண்டுவேன்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது போன் மினுங்கியது. 'வாழ்த்துகள் பவுல்ராஜ்! இன்று 9,412 அடிகள்!' கூடவே கலர் கலராகக் காகிதத் தூவல் வேறு. சட்டென்று உள்ளங்கையால் மூடினேன். ஒட்டுக்கேட்டது போதாதென்று எண்ணவும் எண்ணியிருக்கிறது!

மறுநாள் காலை சபதம் போட்டேன்.

"தபித்தா! இந்த வீட்டில் எந்தக் கம்பெனிக்காரனுக்கும் இனி இடமில்லை."

"எந்தக் கம்பெனிக்காரரு வந்தாருங்க? காப்பி வெக்கட்டா?"

"உள்ளேதான் இருக்கிறான்! போனுக்குள்ளே!"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மைக், கூடாது. இருப்பிடம், கூடாது. நடை எண்ணும் சமாச்சாரம், முதலில் கூடாது. டார்ச் லைட்டு என் போனில் உள்ள எல்லாருடைய நம்பரையும் பார்க்க அனுமதி வாங்கி வைத்திருந்தது.

"டார்ச் லைட்டுக்கு உன் தம்பி நம்பர் எதுக்கு?"

"அவன் இருட்டுல இருக்கானோ என்னமோங்க."

"சிரிக்காதே. எல்லாம் நாமே குடுத்த அனுமதி. படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கியது. படிக்காமல் அமுக்குகிறவன் முட்டாள். எழுதி வைத்துக்கொள்."

தபித்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு பணிவு. இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, எனக்கு இந்த விவரமெல்லாம் பத்தாதுங்க. இனி என்ற போன்ல என்ன கேட்டாலும் உங்ககிட்டயே கொண்டாறேன். நீங்களே படிச்சுப் பாத்து அமுக்கிக் குடுங்க."

எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "அதுதான் புத்திசாலித்தனம்" என்றேன்.

திங்கட்கிழமை ஆரம்பித்தது.

நான் ஷேவிங் செய்துகொண்டிருக்கிறேன். பாதி முகம் நுரை.

"ஏனுங்க, தையல் ஆப்பு ஒண்ணு போட்டனுங்க. போட்டோவெல்லாம் பாக்கோணுமாம்."

"வேண்டாம்னு அமுக்கு."

"நீங்கதான் படிக்காம அமுக்கக் கூடாதுன்னீங்க?"

படித்தேன். நுரை காய்ந்தது.

சாப்பிட உட்கார்ந்தால், உறைபனி எப்போது விழும் என்று சொல்லும் ஆப்பு. அது முடிந்தால் முட்டைக்கோஸ் விலை சொல்லும் ஆப்பு. பாமாலைப் பாட்டு ஆப்பு. ஸ்வெட்டர் பின்ன ஒன்று, பின்னியதைப் பிரிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதினெட்டுப் பத்தி நிபந்தனை. வேதாகமத்தைக்கூட நான் அத்தனை கவனமாகப் படித்ததில்லை. கர்த்தர் மன்னிப்பாராக.

புதன்கிழமை குளித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் மாதம். முதல் சொம்பு வெந்நீர் ஊற்றி, சோப்பும் போட்டாயிற்று. கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்க, பிளம் கேக் ஆப்பு நம்ம ஊட்டு விலாசம் கேக்குதுங்க."

"கேக் செய்ய விலாசம் எதுக்கு?"

"அதுதானுங்க எனக்கும் சந்தேகம். எதுக்குன்னு போட்டுருக்குது. படிக்கறேன், கேளுங்க."

படித்தாள். நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நாலாவது பத்தியில் வாளித் தண்ணீரில் ஆவி நின்றது. ஏழாவது பத்தியில் என் பல் தாளம் போட்டது.

"சரின்னு அமுக்கித் தொலை!"

"முழுசும் கேக்கலீங்களே?"

"கேட்ட வரைக்கும் நல்ல கம்பெனியாத்தான் தெரியுது!"

அன்றோடு என் வைராக்கியம் சளி பிடித்துப் படுத்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம். சுடச்சுட டீ. நான் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து வந்தாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணுங்க. இது குடும்பத் தலைவர் பேரு கேக்குது."

"போடு. பவுல்ராஜ்."

"கீழ கட்டத்துல டிக் அடிச்சு, வெரலால கையெழுத்துப் போடோணுமாம். நீங்களே போடுங்க."

போட்டேன்.

"மேல தள்ளி ஒருக்காப் பாருங்களே. என்னமோ நெம்ப எழுதியிருக்குது."

"எல்லாம் ஒரே கதைதான், தபித்தா."

"அப்ப படிச்சுட்டீங்க?"

"ஒரு எழுத்து விடாமல்" என்றேன். டீ ஆறவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. காணிக்கை எடுத்து முடிந்ததும் ஆயர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அறிவிப்பு வாசித்தார்.

"இந்த வருடம் நமக்கு ஒரு நற்செய்தி. கிறிஸ்மஸ் தாத்தாவாக ஆட, முட்டி வேதனையையும் பொருட்படுத்தாமல், தாமாகவே மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார் நம் சகோதரர் பவுல்ராஜ்!"

ஆலயமே கை தட்டியது. பின் பெஞ்சில் என் மஸ்டர் ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முன் பெஞ்சிலிருந்த குழந்தைகள் ஒட்டுமொத்தமாகத் திரும்பி என் வயிற்றைப் பார்த்தன. பக்கத்தில் தபித்தாள் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஏதோ எண்ணை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஏறும் வழியில் நொண்ட மறந்துவிட்டேன். அத்தனை கோபம்.

"ஏமாத்திட்டே."

"எங்கீங்க ஏமாத்துனேன்? மேல தள்ளிப் பாருங்கன்னு சொன்னனே."

"அந்தப் பதினேழு ஆப்பு?"

"உங்களுக்கு அலுப்புத் தட்டற வரைக்கும் போட்டனுங்க. பன்னண்டோட தட்டிரும்னு நெனச்சேன். நீங்க கெட்டிக்காரருங்க, பதினேழு தாங்குனீங்க."

கோபத்திலும் அந்தப் பாராட்டு கொஞ்சம் இனித்தது. அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"போன வருசம் தாத்தா இல்லாமப் போனமுங்க. லைன் வீட்டுப் புள்ளைங்க கதவைத் தொறந்து நம்ம பொறகால எட்டி எட்டிப் பாத்துச்சுங்க. எனக்குப் பாட்டே வரலீங்க. உங்க கூச்சம் எனக்குத் தெரியும். முகமூடி போட்டா ஆரு கண்டா?"

"என் தொப்பையை எஸ்டேட்டே கண்டுபிடிக்கும்."

"கண்டுபிடிக்கட்டுமே. மொறைக்கற மனுசன் சிரிக்கவும் வெப்பாருன்னு தெரிஞ்சுக்கட்டும்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மா எல்லாரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும். சரி, போகட்டும், ஏழு நாள்தானே, ஒரே ஒரு வருடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று அவள் போனை வாங்கி, அந்தப் படிவத்தை முதல் முறையாக முழுசாகப் படித்தேன்.

ஒன்பதாவது நிபந்தனை: 'ரத்து செய்யப்படாத வரை இந்த ஒப்புதல் ஒவ்வொரு டிசம்பரிலும் தானாகவே புதுப்பிக்கப்படும்.'

பத்தாவது: 'ரத்து செய்ய விரும்புவோர், சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளரிடம் எழுத்துமூலம் விண்ணப்பிக்கவும்.'

"யாரு இப்போ செயலாளர்?" என்றேன்.

"போன மாசம் என்னைத்தானுங்க தேர்ந்தெடுத்தாங்க" என்றாள் தபித்தாள். "எழுதிக் குடுங்க. நெதானமா, ஒரு எழுத்து விடாமப் படிச்சுப் பாத்துச் சொல்றேன்."