வேலைக்கு மட்டும் போடாத பூட்ஸ்

கல்யாண வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்விட்டு, மாடு அறுக்கிற மடுவத்துக்குள் மட்டும் வெறுங்காலோடு நின்ற மனிதர் இந்த மலைநாட்டிலேயே ஒருவர்தான். எங்கள் பூட்ஸ் நானா. நானா என்றால் இங்கே முஸ்லிம் அண்ணன்.

பூட்ஸ் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்தது. மடுவத்தில் வேலை செய்கிற எங்களுக்கு ஆளுக்கு ஒரு சோடி, பால் வெள்ளை. கத்தியைச் சுடுதண்ணீரில் போடு, காயத்தோடு இறைச்சியைத் தொடாதே, வெறுங்காலோடு நிற்காதே என்று வகுப்பும் எடுத்தார். நானா அத்தனையையும் ஒப்பித்துக் கைதட்டு வாங்கினார். மறுநாள் பார்த்தால் மனிதர் ரத்தத்தில் வெறுங்காலோடு நிற்கிறார். பூட்ஸ் ஆணியில் தொங்குகிறது.

"என்னங்க நானா இது?" என்றேன்.

"இங்க போட்டா அழுக்காகிரும் தம்பி," என்றார், எனக்குத்தான் புத்தியில்லை என்பதுபோல.

வேலை முடிந்ததும் காலைக் கழுவிக்கொண்டு பூட்ஸுக்குள் ஏறுவார். சாரத்தை மடித்துக் கட்டி டிக்கோயா பஸ்ஸுக்கு நடப்பார். ஒரு சொட்டு மழை இருக்காது. மீன் பிடிக்கவா போகிறீர்கள் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். எனக்கு மானம் போகும். நாலடி பின்னால், யாரோபோல வருவேன். மருமகன் வீட்டு விருந்தில், களவு போய்விடுமென்று பூட்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டாராம்.

போன மழைக்காலத்தில் எலும்புத் துண்டொன்று அவர் பாதத்தில் ஏறியது. யாரிடமும் சொல்லாமல் பூட்ஸுக்குள் மறைத்து நொண்டினார். ஒருநாள் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், வீக்கத்தில் பூட்ஸ் கழலவில்லை. நர்ஸ் மிஸ்ஸி கத்தரியை எடுத்தார்.

"காலை வேணும்னா வெட்டுங்க மிஸ்ஸி. பூட்ஸ வெட்டாதீங்க."

வார்டே சிரித்தது. நான் தலைகுனிந்து நின்றேன். ஊசி போட்டு மெதுவாகக் கழற்றினார்கள். நல்லவேளை, கால் தப்பியது.

சனம் கலைந்த பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"முந்தி பஸ்ல பக்கத்துல ஒக்காந்தா எந்திரிச்சுப் போயிருவாங்க தம்பி. எவ்வளவு கழுவினாலும் ரத்தம் நகத்துல நிக்கும். வெக்கமா இருக்கும். வெள்ளப் பூட்ஸ் போட்ட பொறகுதான் ஒருத்தரும் எந்திரிக்கல்ல."

நாலடி பின்னால் நடந்தவனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது மடுவத்துக்குள்ளும் பூட்ஸோடுதான் நிற்கிறார். ஒவ்வொரு சொட்டு தெறிக்கும்போதும் முகம் சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அதைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கிக் கொடுப்பது நான். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டும் என்னுடையதுதான்.