பாரம் எங்கை, அண்ணை?

வன்னியில் எவருடைய முகத்தையும் பார்க்காமலே எல்லோரையும் அறிந்து வைத்திருந்த ஒரே மனிதன் பாரம்தான். அவனைப் பொறுத்தவரை முகம் ஒரு வீண் உறுப்பு. கிளிநொச்சி பஸ் நிலையத்தில் சொந்தச் சித்தி கதிரையில் இருந்தால் யாரோ என்று கடந்து போய்விடுவான். அவர் எழும்பி நாலு அடி வைத்தால்தான், "சித்தி! எப்ப வந்தனீங்கள்?" என்று ஓடி வருவான்.

தொழில் அப்படி. ஏ-ஒன்பது வீதியோரம், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடியில், சிறுவர்களுக்குக் கார்ட்டூன் செய்யும் எங்கள் சின்ன அலுவலகம், ஊர்ப் பேச்சில் கந்தோர், இருந்தது. கணினியில் வரைந்த ஆட்களை நடக்க வைப்பது எங்கள் வேலை. கையையும் காலையும் மாறி மாறி ஆட்டினால் நடை வந்துவிடும் என்றுதான், அவன் வந்து சேரும்வரை நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் எல்லோரிலும் அவன்தான் இளையவன். வேலைக்கு வந்த அன்றே என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நடக்கும் கமக்காரர் ஒருவரை நான் செய்து முடித்துப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, இவர் சந்திரனிலை எத்தினை ஏக்கர் செய்யிறார்?"

"என்ன?"

"மிதக்கிறாரே! பாரம் எங்கை, அண்ணை? கால் நிலத்திலை விழேக்கை முழங்கால் மடிஞ்சு பாரத்தை வாங்கவேணும். இடுப்பு அந்தப் பக்கம் சாயவேணும். இஞ்சை உடுப்பு மட்டும் நடந்து போகுது."

அதையே எல்லோரிடமும் கேட்டான். ஒரு கிழமைக்குள் அதுவே அவன் பெயராகிவிட்டது. எங்கள் முதலாளி சுகந்தியக்காகூட, "பாரத்தைக் கூப்பிடுங்கோ" என்றுதான் சொல்லுவா. அவன் மற்றவர்களை நெல்மூட்டையோடு மாடிப்படி ஏறவிட்டான். ஒற்றைக் காலில் நின்று தேத்தண்ணி குடிக்க வைத்தான். கீழே கடைக்கு வந்தவர்கள், மேலே ஏதோ புதுமாதிரி யோகாசன வகுப்பு நடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் சந்தையில், மீன் பையோடு போன ஓர் அம்மாவின் பின்னால் அவரைப் போலவே நடந்து போயிருக்கிறான். அவர் சடாரென்று திரும்பினார்.

"டேய், ஏன் எனக்குப் பின்னாலை வந்து நெளியிறாய்?"

"கோவிக்காதேங்கோ அக்கா. பையை ஒருக்கா மற்றக் கைக்கு மாத்துங்கோ. இடுப்பு எப்பிடி வருதெண்டு பாக்கவேணும்."

அவர் பையை மாற்றினார். மாற்றிய கையில் இருந்த அந்த மீன் பையால்தான் அடி விழுந்தது. தலைமயிரில் மீன் செதிலோடு கந்தோருக்கு வந்தவனின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "அண்ணை, அடிக்க முதல் அவா பாரத்தைப் பின்குதியிலை எடுத்தவா! நான் கண்டனான்! நாங்கள் செய்யிற சண்டையளிலை அதுதான் இல்லை!"

அடுத்தது கனகராயன்குளத்தில் ஒரு செத்தவீடு. கீழ்க்கடை முதலாளியின் தகப்பனார் போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாரம் பக்கத்திலேயே குனிந்து குனிந்து நடந்தான். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தோம். அவன் பார்த்தது முழங்கால்களை. கொஞ்சத் தூரம் போனதும், பின்பக்கம் தூக்கியவரிடம் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

"அண்ணை, உங்கடை தோளிலை பாரம் இல்லை. ஐயாவை மற்ற மூண்டு பேரும்தான் காவினம்."

அவர் அந்த வீட்டு மருமகன். மருமகன் பாரம் சுமப்பதில்லை என்ற முறைப்பாடு அந்த வீட்டில் கலியாண நாளில் இருந்தே இருந்ததாம். அன்றைக்குச் சுடலைக்குப் போகும் வழியில் பிறகு யாரும் செத்தவரைப் பற்றிக் கதைக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை நொண்டும். எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். போர் நடந்த எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. எப்படிப் போனது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அது ஊரின் பண்பு. கந்தோரில் நான் எழும்பி நடந்தால் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் திரையில் முக்கியமான வேலை வந்துவிடும். நானும் நொண்டல் தெரியாமல் நடக்கப் பழகியிருந்தேன். பின்னால் யாரும் வரக்கூடாது என்று மாடிப்படியில் எப்போதும் கடைசி ஆளாகத்தான் இறங்குவேன்.

ஊரெல்லாம் நடை பார்த்துத் திரிந்தவன் என் நடையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. போகப் போக எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் கொழும்பில் ஒரு சிறுவர் நிகழ்ச்சிக்காகப் படம் ஒன்று செய்து தரக் கேட்டார்கள். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இது சரிவந்தால்தான் கந்தோர் நிலைக்கும். கதாநாயகர், குளத்து மதகைத் திறந்து பூட்டும் ஒரு மனிதர். அவருக்கு ஒரு கால் பொய்க்கால் என்று சுகந்தியக்கா எழுதியிருந்தா. அவரை நடக்க வைக்கும் வேலை எனக்கு வந்தது. ஏன் எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. நான் அவரை இராணுவ அணிவகுப்புப் போல நேராக நடக்க வைத்தேன். எல்லோரும் "திறம்" என்றார்கள்.

"பொய்," என்றான் பாரம். "அண்ணை, எழும்பி ஒருக்கா நடவுங்கோ."

எல்லோரும் அவசரமாகத் தங்கள் திரைக்குத் திரும்பினார்கள். எனக்கு உச்சிவரை கோபம் ஏறியது. "என்ரை கால் உனக்கு விளையாட்டோடா?"

"வந்த நாளிலை இருந்து பாக்கிறன் அண்ணை. நொண்டலை மறைக்க இடது தோளைக் கீழை விடுறீங்கள். வலது கால் ஊண்ட முதல் மூச்சைப் பிடிக்கிறீங்கள். இந்தக் கந்தோரிலை வாற ஆகத் திறமான நடை அதுதான். நீங்களே அதைக் கெடுத்து வைச்சிருக்கிறியள்." கையை நீட்டினான். "கழட்டித் தாங்கோ. எவ்வளவு பாரமெண்டு பாப்பம்."

ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவன் போல அதை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அதன் பாதத்தில் மாட்டியிருந்த சப்பாத்தைத் தட்டி, "உந்தப் பாரம் சப்பாத்தோடை சேத்தோ?" என்று கேட்டான். முதலில் சிரித்தது நான்தான்.

பிறகு அவன் என்னைப் போலவே சுவரில் இருந்து சுவர்வரை நடந்து காட்டினான். என் நடையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று இருந்தது. யாரோ ஒரு மனிதர் காலையில் வயல் பார்க்கப் போகிற மாதிரித்தான் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

மதகுக்காரரை என் நடையிலேயே மறுபடி செய்தேன். படத்தைப் பார்த்த கொழும்புக்காரர், வலது காலில் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். சுகந்தியக்காவின் கையில் இருந்து பாரம் தொலைபேசியைப் பிடுங்கினான்.

"பிழை இல்லை ஐயா. அந்த மனுசன்ரை பாரமே அதுதான். விளங்காட்டி நான் அங்கை வந்து நடந்து காட்டுறன்."

வந்துவிடுவான் என்ற பயத்திலோ என்னவோ, அவர் ஒத்துக்கொண்டார். படம் போனது. கந்தோர் நிலைத்தது.

பாரம் இப்போது வெளிநாட்டில் டைனோசர்களை நடக்க வைத்துக்கொண்டிருக்கிறான். எப்போதாவது வீடியோவில் வருவான். சுகம் கேட்கமாட்டான். "போனை நிலத்திலை வைச்சிட்டு ஒருக்கா நடவுங்கோ அண்ணை" என்பான். நடப்பேன்.

மாடிப்படியில் இப்போது நான்தான் முதல் ஆளாக இறங்குகிறேன். பின்னால் என்னைப் போலவே யாராவது நடந்து வருகிறார்களா என்று சில நேரம் திரும்பிப் பார்ப்பேன். எல்லோரும் அவரவர் நடையில்தான் வருகிறார்கள். அது எனக்குக் கவலையாக இருக்கிறது.