என் இடுப்பளவு ஏரி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டுக் குழாயில் அது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்பதுதான். மீனைப் பற்றித் தெரிந்தது, அம்மா வைத்த குழம்பு மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும் என்பது. விவசாயம்? (அதை விடுங்கள்.) இந்த ஞானத்தை மூலதனமாக வைத்துத்தான் ஓர் ஆற்றுப் படுகை முழுவதற்கும் எந்த மாதம், எந்த ஏரியில், யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று திட்டம் போட்டுத்தரும் மென்பொருளை எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஹைதராபாதில் கீபோர்டைத் தலைகீழாகப் பிடிக்காதவனுக்கெல்லாம் வேலை கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

வேலையைக் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். அதை நடத்திவந்த லதா மேடம் எங்கள் ஆபீசுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ஓர் ஏரி. அதன் தண்ணீரில் ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் மீன். இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் விவசாயிகள் மதகைத் திறந்துவிட்டுப் போக, ஏரி வற்றி மீனெல்லாம் செத்துப்போயிருக்கிறது. அன்றிலிருந்து நெல்லுக்காரர்களும் மீன்காரர்களும் ஒரு டீக்கடையில்கூட ஒன்றாக நிற்பதில்லை. அவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, அவர்களே பேசி, அவர்களே ஒரு திட்டம் போட வேண்டும்.

"ரொம்ப சிம்பிள்" என்றேன். மானிட்டரில் நீலக்கோடு, பச்சைக்கோடு, கிராஃப் எல்லாம் போட்டுக் காட்டினேன். லதா மேடம் பொறுமையாகப் பார்த்தார்.

"செல்வின், இதைப் பார்த்தா எனக்கே தூக்கம் வருது. அவங்க கையால தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?"

என் மேனேஜர் கிரண் பக்கத்திலேயே இருந்தார். அந்த மாதம்தான் அமெரிக்காவுக்கு ஒருவரை ஆன்சைட் அனுப்பப் போவதாகப் பேச்சு. "ஹவ், ஆமா மேடம், ஆத்தையே கொண்டுவந்து வெச்சிர்றேன்!" என்றேன். (அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.)

ஒரு வாரம் எங்கள் வீட்டுக் குளியலறை என் ஆய்வுக்கூடமானது. மேலே ஒரு பக்கெட், அது ஆறு. அதற்குக் கீழே, அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி, அது ஏரி. ஏரியின் அடியில் ஓட்டை போட்டு, பழைய வாஷிங்மெஷின் குழாயையும் ஒரு திருகுகுழாயையும் பொருத்தினேன், அது மதகு. அதற்கும் கீழே நான்கு தட்டுகளில் முளைகட்டிய பாசிப்பயறு. அதுதான் நெல்வயல்.

"என்னல இது, பிள்ளைய எங்க குளிப்பாட்ட?" என்றாள் அம்மா. திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடமாகியும் அவள் பேச்சில் ஹைதராபாத் ஒட்டவில்லை.

"இது ஏரிம்மா."

"எனக்குக் கண்ணு தெரியும்ல. இது தொட்டி."

ஏரி என்றால் மீன் வேண்டுமே. கெண்டைக் குஞ்சுகள் கறுப்பாக இருக்கும், பின்வரிசைக்குத் தெரியாது என்று ஆரஞ்சு நிறத்தில் பத்து அலங்கார மீன்களை வாங்கினேன். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் பக்கெட், பின்னால் தொட்டி, ஹாண்டிலில் மீன் பை. ஏ.எஸ்.ராவ் நகர் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

கூட்டம் அங்கே ஒரு சமூகக் கூடத்தில். இடது பக்கம் விவசாயிகள், அவர்களுக்குத் தலைவர் மல்லய்யா. வெள்ளை மீசை, தோளில் சிவப்புத் துண்டு. வலது பக்கம் மீனவர் சங்கம், தலைவி போச்சம்மா. நடுவில் காலியாக மூன்று வரிசை. முன்னால் அரசு அதிகாரி ஒருவர், கிரண், லதா மேடம். பேச்செல்லாம் தெலுங்கில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

போச்சம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன மீன் சாரு? சாப்பிடுறதா, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறதா?"

விவசாயிகள் பக்கம்கூடச் சிரித்தது. ஆரம்பமே வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் மாதத்தின் பெயரைச் சொல்வேன். உங்களுக்கு வேண்டிய தண்ணீரை நீங்களே திறந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று அறிவித்தேன். ஜனவரி நன்றாகப் போயிற்று. பிப்ரவரியும் பரவாயில்லை. "மார்ச்" என்றதும் மல்லய்யா எழுந்து வந்தார். மார்ச்சில் நெல்லுக்குத் தண்ணீர் என்றால் சும்மாவா? மண்வெட்டி பிடித்த கை. திருகுகுழாயை ஒரு திருகு திருகினார். அது கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

ஏரி உடைந்தது.

தண்ணீர் தட்டுகளை அடித்துக்கொண்டு தரையில் பாய்ந்தது. அதோடு குழாய் வழியாக ஆரஞ்சு மீன்களும் ஒவ்வொன்றாக வந்து பாசிப்பயறுக்கு நடுவில் துள்ளின. அதிகாரி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். யாரோ மெயின் சுவிட்சை அணைத்ததில், மேசையில் நான் வைத்திருந்த மானிட்டரில் என் நீலக்கோடும் பச்சைக்கோடும் ஒரே சமயத்தில் உயிரை விட்டன. கிரண் என்னைப் பார்த்த பார்வையில், அமெரிக்கா பூகோளப் புத்தகத்துக்குள் திரும்பிப் போவது தெரிந்தது.

ஓட்டையைக் கையால் அடைக்கலாம் என்று பாய்ந்தேன். ஈரத்தரை என்னை ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டிக்குள் உட்காரவைத்தது. அதுவும் லேசாக அல்ல. பிள்ளை குளிக்கும் தொட்டிக்குள் ஒரு மென்பொருள் பொறியாளர் முழுசாகச் சொருகிக்கொண்டார். கால்கள் இரண்டும் வெளியே.

தண்ணீர் நின்றது. நான் உட்கார்ந்திருந்தது சரியாக ஓட்டையின் மேல்.

எழ முயன்றேன். குபுக்கென்று மறுபடி பாய்ந்தது.

"எழுந்திருக்காதே!" என்று போச்சம்மா கத்தினார். "உள்ளே இன்னும் நாலு மீன் இருக்கு!"

இருந்தன. என் இடுப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. உட்கார்ந்தேன்.

போச்சம்மா அதற்குள் மண்டியிட்டுத் தரையில் துள்ளிய மீன்களைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். அடுத்த நிமிடம் மல்லய்யாவும் கழன்ற குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குனிந்தார். சிவப்புத் துண்டை நனைத்து, அதில் மூன்று மீனை அள்ளி, போச்சம்மா நீட்டிய சோற்றுத்தூக்கில் விட்டார்.

போச்சம்மா தூக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கும் இப்படித்தான் துடிச்சுது. கூடை கூடையா. பொறுக்க நாங்க மட்டும்தான் இருந்தோம்."

"மதகைத் திறந்துட்டு நாங்க வயலுக்குப் போயிட்டோம்மா" என்றார் மல்லய்யா. "இதையெல்லாம் பார்த்ததில்லை. சத்தியமா."

தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் உணர்ச்சிவசப்பட்டால் நன்றாக இருக்காது என்று கூரையைப் பார்த்தேன்.

நடுவிலிருந்த மூன்று வரிசையும் எப்போது நிரம்பியது என்று தெரியவில்லை. எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் எழலாமா என்று கேட்டேன். "நக்கோ பாபு, வேண்டாம், உக்காரு" என்றார் மல்லய்யா. "நீ உட்கார்ந்திருக்கிற வரைக்கும் ஒருத்தரும் மதகைத் திறக்க முடியாது."

ஏறக்குறைய ஒருமணி நேரம் பேசினார்கள். முதலில் விதைக்கிறவர்களுக்கு முதல் முறை. கதிர் முற்றும் வரை தண்ணீர் விடுவதில் தகராறு இல்லை. அதற்குள் பெரிய மீனைப் பிடித்துவிட வேண்டும். ஆனால் குஞ்சுகளுக்கு ஏரியில் எவ்வளவு மிச்சம் வைப்பது? அங்கேதான் இழுபறி. கடைசியில் போச்சம்மா என் சட்டையில் தண்ணீர் நின்ற இடத்தை விரலால் காட்டினார்.

"இவ்வளவு. இதுக்குக் கீழே இறங்கக் கூடாது."

மல்லய்யா குனிந்து என் பெல்ட்டை உற்றுப் பார்த்தார். அதிகாரியும் வந்து பார்த்தார். (என் இடுப்பை அத்தனை பேர் அத்தனை அக்கறையோடு பார்த்தது அன்றுதான்.) "சரி" என்றார் மல்லய்யா. தொட்டியின் உயரத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. லதா மேடம் அப்படியே எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான்கு மீன்களையும் எடுத்துவிட்டு, நான்கு பேர் சேர்ந்து என்னையும் எடுத்தார்கள்.

ஆன்சைட் வேறொருவர் போனார். கிரண் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், 'நேரடிச் செயல்விளக்கம் எதிர்பார்ப்பை மீறியது' என்று எழுதியிருந்தார். பொய்யில்லை. வீட்டுக்கு நான் கொண்டுவந்த பத்து மீனையும் அம்மா எண்ணிப் பார்த்து, "இத வச்சி யாருக்குல கொழம்பு வைக்க?" என்றாள்.

ஏரியில் இரண்டு மாதத்தில் மதகுச் சுவரில் வெள்ளைக்கோடு போட்டார்கள். ஊரில் அதற்கு 'இஞ்சினீர் நடுமு' என்று பெயர். நடுமு என்றால் தெலுங்கில் இடுப்பு. ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் கோட்டைத் தொட்டு மதகை மூடியதும் மல்லய்யா எனக்குப் போன் செய்வார்.

போன வருடம் அந்தப் போன் வந்தபோது, எங்கள் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். மல்லய்யா வழக்கம்போல் கத்தினார்: "சார்! தண்ணீர் இடுப்பு வரைக்கும் வந்திருச்சு!"

பாஸ்டருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு, கண்ணை மூடி, வெள்ளத்தில் சிக்கிய சகோதரனுக்காக உருக்கமாக ஜெபிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. அவர் ஆமென் சொல்லும்வரை காத்திருந்துவிட்டு அம்மாதான் சொன்னாள்:

"நீங்க சாப்பிடுங்க பாஸ்டரய்யா. அவனுக்கு வருசா வருசம் வாறதுதான்."