புளிப்புப் பத்தாது, சார்

மரைன் ஹில்,
போர்ட் பிளேயர்.

அன்புள்ள மாப்பிள்ளை பிரவீன்குமார் அவர்களுக்கு,

மாமா குழந்தைவேலு எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தையும் நலம். மழையும் கரண்ட் கட்டும் எங்களைவிட நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நளினி பார்த்துவிடுவாள் என்றுதான் உங்கள் ஆபீஸ் முகவரிக்குத் தபால் போடுகிறேன். தனியாகப் படிக்கவும்.

ஹேவ்லாக் தீவில் நாகராஜ் என்ற பெங்களூர்க்காரர் புதிதாக ரிசார்ட் திறக்கிறார். அவர் கிச்சனுக்கு வருஷம் பூராவும் அரிசி பருப்பு சப்ளை எனக்கா, எதிர்க்கடை வேதநாயகத்துக்கா என்பதுதான் இப்போது என் உயிர்ப் பிரச்சினை. பேசப் போன இடத்தில், "அங்கிள், கிராஃப்ட் பீர் பத்தி ஐடியா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். சின்னப் பட்டறையில் கைப்பக்குவமாகக் காய்ச்சுகிற பீராம். நம் கடையில் "இல்லை", "தெரியாது" என்ற பேச்சே கிடையாது. இல்லாத சரக்கைக் கேட்டால் "கப்பல்ல வருது" என்போம். அந்தப் பழக்கத்தில், "அதுல ஊறின ஆளு சார் நான்" என்று சொல்லிவிட்டேன். என் நாக்கில் பீர் பட்டதில்லை என்பது உங்கள் அத்தைக்குத் தெரியும், முருகனுக்குத் தெரியும். நாகராஜுக்குத் தெரியாது, மூன்று கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

கடலை எண்ணெயைப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து மோந்து, நுனி நாக்கில் வைத்தேன். புளிப்பு. "கெட்டுப்போச்சு சார், ரிட்டர்ன் போடுங்க" என்றேன். "அங்கிள், இதைப் புளிக்க வச்சேதான் செய்யறாங்க!" என்றார் மனிதர், முகம் சுருங்க. வியாபாரி பின்வாங்கலாமா? "அதைத்தான் சொல்றேன். புளிப்புப் பத்தாது, சார். இன்னும் கொஞ்சம் வெயில்ல வைக்கணும்." போனில் குறித்துக்கொண்டார். அடுத்தது கலங்கல் என்றேன், "ஏக்தம் கரெக்ட்!" என்றார். மூன்றாவது அடிப்பிடித்த வாடை என்றேன். எழுந்து கை கொடுத்தார். மெயின்லேண்ட் சப்ளையரை எந்தெந்த வார்த்தையால் திட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்புவேனோ, மாப்பிள்ளை, அத்தனையும் இந்தச் சரக்குக்குப் பாராட்டாம்.

விஷயம் அதோடு விட்டதா? நேத்து அந்தக் கிச்சன்ல சமைக்கிற சகாயசெல்வி போன் பண்ணுது. "அண்ணாச்சி, நீங்க சொன்னீகன்னு பாட்டில் பூராத்தையும் வெயில்ல வச்சாரு. தீவாளி கணக்கா வெடிக்கு! என் சேலையெல்லாம் நுரை. நீங்க வந்து தொவைச்சுத் தருவீகளா?" சரி, சப்ளை போச்சுன்னு உட்கார்ந்துட்டேன். அப்புறம் நாகராஜே கூப்பிட்டு, வெடிக்காம தப்பிச்ச பாட்டில் அற்புதமாம், அடுத்த மாசம் திறப்பு விழாவுல விருந்தாளிங்க முன்னாடி நான் ருசி பார்த்துப் பேசணுமாம்! வேதநாயகமும் வருவார். அவர் நிஜமாவே குடிக்கிறவர், மாப்பிள்ளை. ஒரே வாயில என்னைப் பிடிச்சுடுவார்.

நீங்கள் குடிப்பீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு நண்பர்கள் இருப்பார்கள். உங்கள் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால், பாட்டிலும் கையுமாக ஒரு நண்பரைப் பார்த்தேன். உங்கள் பட்டுச் சட்டையைப் போட்டிருந்தார். அவரிடம் கேட்டு, எது நல்லது, எது கெட்டது, என்ன பேசவேண்டும் என்று விவரமாக எழுதவும். பதில் கடை முகவரிக்கு. இந்த வயசில் இதையெல்லாம் படிக்க அலுப்பாகத்தான் இருக்கிறது, வேறு வழியில்லை.

நளினிக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தி இருவருக்கும் வணக்கம்.

இப்படிக்கு,
நாக்கு செத்த மாமா,
குழந்தைவேலு

பி.கு.: உறையை ஒட்டும்போது நாகராஜ் போன். வேதநாயகத்தைக் கூப்பிட்டு அவருக்கும் மூன்று கிளாஸ் கொடுத்தாராம். "எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சு முடிச்சுட்டார் அங்கிள். ஒண்ணும் தெரியாத ஆளு. சப்ளை உங்களுக்குத்தான்." ஸ்டாம்ப் வீணாகக்கூடாது என்றுதான் இதை அனுப்புகிறேன். உங்கள் நண்பரைத் தொந்தரவு செய்யவேண்டாம். விவரம் தெரிந்துவிட்டால் நானும் "நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன்.