ஒரு டன் குப்பை தேவை

கடற்கரை சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் மேனேஜர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"சுத்தம்னா? எவ்வளவு சுத்தம்?"

"ஒரு மூடிகூட இல்லைங்க. பத்து கம்பெனிக்காரங்க ஆள் விட்டுப் பொறுக்கிட்டாங்க," என்றாள் போனில், குப்பைச் சேகரிப்பு மையத்து அம்மாள்.

மேனேஜருடையது தண்ணீர் பாட்டில் கம்பெனி. ஒரு டன் பாட்டில் விற்றால், எங்கிருந்தாவது ஒரு டன் பழைய பாட்டிலைப் பொறுக்கவைத்துச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். செய்த பாவம் கழிந்துவிடும். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து அந்தக் குவியலைக் கண்ணால் பார்ப்பார். குவியல் இல்லையென்றால் மேனேஜருக்கு வேலை இல்லை. முதலாளி சொன்னால் சொன்னதுதான்.

"வீட்டுல கிடக்கிற காலி பாட்டிலை எல்லாம் கொண்டாங்க!" என்று ஊழியர்களுக்கு உத்தரவு போட்டார். மறுநாள் வந்து சேர்ந்தது பதினேழு பாட்டில். ஒரு டன்னுக்கோ ஐம்பதாயிரம் வேண்டும்.

"என்னய்யா இது?"

"நம்ம தண்ணியை நாமளே எங்க சார் குடிக்கிறோம்?" என்றார் ஃபோர்மேன்.

குடித்தால் காலியாகுமே! குடோனைத் திறந்துவிட்டார். ஆளுக்கு இருபது பாட்டில். மதியத்துக்குள் கழிப்பறை வரிசை கேட் வரை நீண்டது. மெஷின் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை. வீட்டுக்கும் நான்கு பெட்டி அனுப்பினார். மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? செடிக்கெல்லாம் ஊத்தியாச்சு, இன்னும் மூணு பெட்டி இருக்கு!"

"எங்கேயாவது கொட்டும்மா! பாட்டில் மட்டும் போதும்!"

எல்லாம் சேர்த்து எடைபோட்டால் பதினைந்து கிலோ. மேனேஜர் மறுபடி மையத்து அம்மாளிடமே கெஞ்சினார். "எப்படியாவது, எங்கிருந்தாவது!"

"எங்கிருந்தாவதுன்னா சரிங்க, பார்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து சரித்தது. சரியாக ஒரு டன். அதிகாரி ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார்.

"இப்பல்லாம் குப்பைகூட எவ்வளவு பளபளன்னு இருக்கு!" என்று வியந்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் விற்பனைப் பிரிவுப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், நேத்து ஒரே ஆர்டர்ல ஐம்பதாயிரம் பாட்டில் போயிடுச்சு! தண்ணிகூட வேண்டாம், காலி பாட்டிலே போதும்னு அந்தக் குப்பை மையத்து அம்மா அள்ளிட்டுப் போயிட்டாங்க. இப்ப இதுக்கு இன்னொரு டன் பொறுக்கணுமே, சார்?"