இடது பக்கம் வைத்த அடுப்பு

மரக்காணம் தொடங்கிக் கோட்டக்குப்பம் வரைக்கும் உள்ள கடற்கரையில் என்னிடம் பேசி ஜெயித்த ஆள் கிடையாது. உப்பு ஆபீசில் பேசியிருக்கிறேன், செக்போஸ்டில் பேசியிருக்கிறேன், ஒரு தடவை என் லாரியை மறித்து நின்ற எருமைக் கூட்டத்திடம் பேசியே வழிவிட வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலேயே தலைகுனிய வைத்தவன் உலகத்தில் ஒரே ஒருத்தன்தான். அவன் ஒரு தச்சன். பேர் குச்சி.

அம்மா அப்பா வைத்த பேர் வேறு இருந்திருக்கும். அது யாருக்கும் தெரியாது. பொம்மையார்பாளையத்தில் இறங்கி "குச்சி வீடு எது?" என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். அவனிடம் இன்ச் டேப் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக ஒரு சவுக்குக் குச்சி வெட்டி, அதில் கத்தியால் கீறல் போட்டுக்கொள்வான். வேலை முடிந்ததும் அந்தக் குச்சியை ஒடித்து அடுப்பில் வைத்து டீ போட்டுவிடுவான். "ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்கு எதுக்குங்க?" என்பான்.

நான் அவனிடம் மாட்டிய கதையைச் சொல்வதற்கு முன் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நானும் என் சம்சாரம் பாக்கியமும் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்கள். அங்கிருந்து லாரி க்ளீனர், பிறகு டிரைவர், பிறகு ஓனர். சுனாமி அலை வந்து போன மறு வருஷம் உப்பு வாங்கி விற்க என்னிடம் ஆறு லாரி இருந்தது. மாடி வீடு இருந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்ற எட்டுப் பேர் உட்காரும் பெரிய ஜீப்பு இருந்தது. எங்கள் தெருவில் அது திரும்பும்போது கோழி, குழந்தை, வாத்தியார் எல்லாரும் ஒதுங்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் திண்டிவனத்துச் சம்பந்தி முன்னால் மட்டும் நான் பூஜ்யம். ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர் அவர். எங்கள் பெண்ணின் கல்யாணத்தன்று ரிஜிஸ்தரை என் முன்னால் விரித்து, பேனாவையும் கைநாட்டு மைப் பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "உங்களுக்கு எது சௌகரியமோ" என்றார். பேனாவை எடுத்து, ரிஜிஸ்தரில் பாதிப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் அந்த மைப் பெட்டி நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. இந்த மனுஷன் ஒரு நாள் என் எதிரில் வாயைப் பிளக்க வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை.

வழி காட்டியவன் ஒரு வெள்ளைக்காரன். ஆரோவில்லிலிருந்து உப்புக் குவியலைப் படம் பிடிக்க வந்தவன், தன் வேனின் பின் கதவைத் திறந்தான். ஒரு டிராயரை இழுத்தான், அடுப்பு வந்தது. இன்னொன்றை இழுத்தான், சர்க்கரை, காபிப் பொடி, கரண்டி எல்லாம் அதனதன் குழியில் உட்கார்ந்திருந்தன. ஐந்தே நிமிஷத்தில் எனக்கும் ஒரு காபி கொடுத்தான். பொறாமையில் அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

"இதை யாருங்க செஞ்சது?"

"குச்சி" என்றான் வெள்ளைக்காரன், சுத்தமான தமிழில்.

அந்த நிமிஷமே எனக்குத் திட்டம் உருவாகிவிட்டது. சம்பந்தி குடும்பத்தை என் ஜீப்பில் ஏற்காட்டுக்கு அழைத்துப் போவது. வழியில் எந்த ஓட்டலிலும் நிறுத்தாமல், மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, டிக்கியைத் திறந்து சுடச்சுட சாம்பார் சாதம் போடுவது. ஹெட்மாஸ்டர் வாயைப் பிளந்தே தீர வேண்டும்.

ஆள் அனுப்பினேன். குச்சி சைக்கிளில் வந்தான். ஐம்பது வயசு இருக்கும், உடம்பும் அவன் வெட்டும் குச்சி மாதிரிதான். ஜீப்பை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்கவில்லை.

"சமைக்கிறது யாருங்க?"

"என் சம்சாரம்."

"அப்ப அவங்க சமைக்கிறத ரெண்டு நாள் பாக்கணும்."

சொன்னபடி மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து அடுப்படி வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஒரே கூச்சம்.

"ஏம்பா, ஜீப்பு வெளியே நிக்குது. நீ இங்க இன்னா பாக்கற?"

"ஜீப்பு சமைக்காதுங்க மொதலாளி."

முதல் நாள் பாக்கியம் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, "யாருங்க இந்த ஆளு, பூனை மாதிரி குந்திக்கினு" என்று முணுமுணுத்தாள். இரண்டாம் நாள் கல்லிலிருந்து எடுத்த முதல் தோசை அவனுக்குப் போனது. அந்த முதல் தோசை எனக்கே வந்து பல வருஷம் ஆகியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, "கொழம்புல உப்பு தூக்கல்ங்க" என்றான். உப்பு வியாபாரி வீட்டில் உட்கார்ந்துகொண்டு! நான் பாய்வதற்குள் பாக்கியம் சிரித்துவிட்டாள்.

போகும்போது அடுப்படிச் சுவரை அண்ணாந்து பார்த்தான். வீடு கட்டும்போது கூரை வரைக்கும் அலமாரி அடித்துக் கொடுத்திருந்தேன். அதில் பல்லிதான் குடியிருந்தது. அரிசி டின், பருப்பு டின், மிளகாய்த்தூள் எல்லாம் தரையில் கிடந்தன.

"மேல ஒண்ணுமே வைக்கலியா?" என்றான்.

"நல்லா கேளு! ராஜா வீட்டு அலமாரி மாதிரி கட்டிக் குடுத்தா, எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சிருக்கறா. தெனம் கத்தறேன். உப்பளத்துப் புத்தி போவுதா பாரு!"

குச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தான். அலமாரியைக் கண்டு அசந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பு அவன் கொட்டகைக்குப் போனது. உப்புக் காற்றில் இரும்பு நிற்காது என்று பித்தளை ஸ்குரூதான் போட்டான். பிளைவுட் டிராயர் ஒவ்வொன்றிலும் ஒரு டஜன் முட்டையை வைத்து உப்பள வரப்பு மேல் வண்டியை ஓட்டச் சொன்னான். ஒரே ஒரு முட்டை கீறல் விட்டது. மொத்த டிராயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்தான். மீதி முட்டையை என் டிரைவர் மூன்று நாள் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டான்.

அப்புறம் சத்தப் பரீட்சை. "பொட்டி எங்க முனகுதுன்னு கேக்கணும்" என்று பின்னால் மல்லாந்து படுத்து, வெயிலுக்கு ஒரு வெள்ளைத் துணியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டான். நான் ஓட்டினேன். மரக்காணம் கடைத்தெருவில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாய்லரை விட்டுவிட்டு ஓடி வந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"யாருங்க அண்ணே தவறிட்டது?"

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இடது பக்கம் ரெண்டாவது டிராயர்."

டீக்கடைக்காரருக்கு அன்றைக்கு வந்த காய்ச்சல் இறங்க நான்கு நாள் ஆயிற்று.

வேலை முக்கால்வாசி முடிந்ததும் பார்க்கப் போனேன். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அடுப்பு இடது பக்கம். தண்ணீர்க் குழாய் இடது பக்கம். கதவு எல்லாம் தப்புப் பக்கமாகத் திறந்தது. மேல் தட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாமே இடுப்பு உயரத்துக்குள் அடங்கியிருந்தது.

"டேய்! எல்லாம் தலைகீழா செஞ்சு வச்சிருக்கற?"

"அம்மாவுக்கு இதாங்க சரி."

"அம்மாவுக்கு நான் சொல்றதுதான் சரி! வெள்ளக்காரனுக்குன்னா ஒழுங்கா செய்யற, எனக்குன்னா இளக்காரமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் வலது பக்கம் மாத்து. இல்லன்னா பாண்டியில வேற ஆளு பாத்துக்கறேன்."

அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். குச்சி தலையை ஆட்டினான். சரி என்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். உப்பளத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் நான், பாக்கியம், சம்பந்தி, சம்பந்தியம்மா நால்வரும் காத்திருந்தோம். டிரைவர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்த, குச்சி இறங்கி ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றான்.

"டிசைன் பூரா நம்ம டிசைன்தாங்க" என்று சம்பந்தியிடம் சொன்னேன். "யோசன என்னுது. அவன் வெறும் கை."

டிக்கியைத் திறந்தேன். ஒரு ஸ்குரூகூட மாறவில்லை. எல்லாம் இடது பக்கம் அப்படியே இருந்தது.

இனி என்ன செய்வது? நானே டீ போட்டுக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். வலது கையால் இழுத்த டிராயர் முழங்காலில் இடித்தது. குனிந்தபோது கதவு நெற்றியில் இடித்தது. சர்க்கரை டப்பா கவிழ்ந்து சம்பந்தியின் செருப்பு நிறைந்தது.

"டிசைன் உங்களுதுன்னு சொன்னீங்க" என்றார் அவர், காலை உதறிக்கொண்டே. "கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு மறந்துட்டீங்களா?"

குச்சியை நோக்கி நான் திரும்பிய நேரத்தில், "தள்ளுங்க" என்றது ஒரு குரல். பாக்கியம். இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் நின்றாள், அவ்வளவுதான். குனியவில்லை, எட்டவில்லை, தேடவில்லை. இடது கை போன இடத்தில் எல்லாம் இருந்தது. தீப்பெட்டி, பால், டீத்தூள், வடிகட்டி. தண்ணீர் தானாக வந்து பாத்திரத்தில் விழுந்த மாதிரி இருந்தது. தம்ளரைப் பிடிக்க மட்டும் வலது கை வந்தது, அதுவும் முழங்கைக்குக் கீழேதான் அசைந்தது. சம்பந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் எழுதும் கையையே முப்பது வருஷம் பார்த்தவர் இல்லையா.

"அம்மா, உங்களுக்கு வலது தோள் ஏறாதா?" என்றார்.

"ஏறாதுங்க. ரெண்டு வருஷமா."

சம்பந்தி டீயைக் கீழே வைத்தார். ஜீப்பை இன்னொரு முறை மேலும் கீழும் பார்த்தார். மேல் தட்டு இல்லாததைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களத் தப்பா எட போட்டுட்டேன் சம்பந்தி. சம்சாரத்துக்குத் தோள் முடியாதுன்னு இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீங்களே! நான் இத்தன வருஷம் புத்தகம் படிச்சேன், எனக்கு இதெல்லாம் தோணினதே இல்ல." கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. குச்சியின் பக்கம் திரும்பி, "எல்லாம் இவரு சொல்லித்தான் செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

குச்சி என் முகத்தைப் பார்த்தான். எனக்கு எதுவும் தெரியாது என்பது அந்த நொடிதான் அவனுக்கும் தெரிந்தது. நான் அவனைத் திட்டியதற்கும் கேவலப்படுத்தியதற்கும் சேர்த்து அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க சார்" என்றான். "மொதலாளி சொல்லித்தான் செஞ்சேன்."

நான் ஏங்கிய மரியாதை அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாக்கியம் என் பக்கம் திரும்பாமல் அடுத்த தம்ளருக்கு டீ ஊற்றினாள். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "எல்லாம் ஒரு இதுதாங்க" என்று இளித்தேன். எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் பாக்கியம் சொல்லல?"

"தெனம் கத்தினீங்க, ஏன் தரையில வச்சிருக்கறேன்னு. ஒரு நாளாவது கேப்பீங்கன்னு பாத்தேன்."

"கத்தினேனே, கேட்ட மாதிரிதானே அது?"

"இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான். கூரைவரை போன அந்த அலமாரியை நானே கடப்பாரையால் பெயர்த்தேன்.

ஏற்காட்டுக்குப் போனோம், சாம்பார் சாதமும் போட்டோம். சம்பந்தி வழியெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர். உண்மை அவருக்கு இதைப் படித்த பிறகுதான் தெரியும்.

குச்சியைப் பார்க்கப் போக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கொட்டகையில் பெஞ்சு மேல் உட்கார்ந்து ஏதோ இழைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. வாயைத் திறந்தேன், வழக்கமானதுதான் வந்தது.

"எங்கிட்ட ஆறு லாரி இருக்குது, தெரியுமில்ல?"

"தெரியும்ங்க."

"ஆறுக்கும் நீதான் பாடி கட்டணும்."

"லாரியில அம்மாவா சமைக்கறாங்க?"

"இல்ல."

"அப்ப எனக்கு அங்க இன்னாங்க வேலை?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் தரையைப் பார்த்து, "அவ தோளு விஷயம் எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

இழைப்புளி நின்றது. "அன்னிக்குத் தோப்புல உங்க மொகத்தப் பாக்கற வரைக்கும் தெரிஞ்சே கத்தறீங்கன்னுதான் நெனச்சேன் மொதலாளி. தெரியாமத்தான் கத்தினீங்கன்னா பரவால்லீங்க."

இரண்டில் எது பெரிய அசிங்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவன் நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னான்.

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டான்.

"பாண்டி டாக்டரு ஜன்னல் கம்பியில கயிறு கட்டி இழுக்கச் சொன்னாரு. காலையில நான்தான் பக்கத்துல நின்னு பிடிக்கறேன். போன வாரம் கை கழுத்து வரைக்கும் வந்துது. இன்னிக்குக் கம்மலத் தொட்டுட்டா."

"எந்தக் காதுங்க?"

"வலது காதுதான். தலையச் சாய்க்காம தொட்டா."

குச்சி பெஞ்சில் கிடந்த மரச் சீவலைக் கையால் தள்ளிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்தேன். அவனோடு பேச என்னிடம் ஒன்றும் இல்லை. எழுந்து வரவும் மனசு வரவில்லை.